பார்க்க வந்தவர் வாங்குபவர் ஆன வரலாறு

கடையின் படியேறுவோர் அனைவரும் பொருள் வாங்குவோர் அல்லர். வேடிக்கை பார்க்க வருவோர் உண்டு. விலை கேட்டுத் திரும்புவோர் உண்டு. மழைக்கு ஒதுங்குவோரும் உண்டு. இவர்களை வாங்குவோராக மாற்றுவது எங்ஙனம் என்னும் வினா, வாணிகத்தைப் போலவே பழமையானது. பேச்சுத்திறன் வேண்டும் என்பர் சிலர். பகட்டு வேண்டும் என்பர் வேறு சிலர். வரலாறு தரும் விடையோ வேறு. வந்தவர் உள்ளத்திலுள்ள அச்சத்தைப் போக்கியவரே வாணிகத்தில் வென்றார் என்பதுதான் அவ்விடை.

அவ்வச்சம் மூவகைப்பட்டது. விலையில் ஏமாற்றப்படுவோமோ என்பது ஒன்று. உள்ளே நுழைந்தபின் வாங்காமல் வெளியேறல் இயலுமோ என்பது மற்றொன்று. வாங்கியபின் மனத்துக்குப் பிடிக்காவிடில் என் செய்வது என்பது மூன்றாவது. பேரம் பேசும் சந்தையில் இம்மூன்றும் உண்டு. நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டால் கையை மறைத்து, விரல்களைத் தொட்டே விலை பேசி முடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அருகில் நிற்பவனுக்கும் விலை தெரியாது. அறிந்தவனுக்கு ஒரு விலை, அறியாதவனுக்கு வேறு விலை என்பதே பேரத்தின் இயல்பு.

இதற்கு மாறான நெறியை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பெரிதும் போற்றுகின்றது. ஆயினும், தனிமனிதரின் அறமாக விளங்கிய இந்நேர்மையைக் கடையின் நடைமுறையாகவே வகுத்தவர்களின் வரலாற்றைக் காணக் கடல் கடந்து செல்லல் வேண்டும்.

1673-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், மிட்சுயி தகதோஷி என்பவர் எச்சிகோயா என்னும் துணிக்கடையைத் திறந்தார். அக்காலத்துத் துணி வணிகர்கள் செல்வர் இல்லங்களுக்குப் பட்டுத்துணிகளைச் சுமந்து சென்று கடனுக்கு விற்பர். பணம் பல மாதங்கள் கழித்தே கைக்கு வரும். ஆகவே வட்டியும், வாராக் கடனின் இழப்பும் விலையில் ஏறியிருக்கும். மிட்சுயியோ கடையிலேயே விற்பனை, கையில் ரொக்கம், யாவர்க்கும் ஒரே விலை என்று அறிவித்தார். வேண்டிய அளவுக்குத் துணியை வெட்டியும் கொடுத்தார். அதுவரை வாசலில் நின்று பார்த்த எளிய நகரமாந்தர், வாங்குவோராக உள்ளே வந்தனர். போட்டியாளரின் எதிர்ப்பையும் தாங்கி வளர்ந்த அக்கடையே பின்னாளில் மிட்சுகோஷி என்னும் பேரங்காடி ஆயிற்று.

ஐரோப்பாவில் இம்மாறுதலை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் அரிஸ்டைட் பூசிக்கோ. இவர் 1852-இல் பாரிஸ் நகரத்து போன் மார்ஷே கடையில் பங்காளியாகச் சேர்ந்தார். அந்நாளில் கடைக்குள் நுழைந்தாலே ஏதேனும் வாங்கியாக வேண்டும் என்னும் கட்டாயம் உணரப்பட்டது. பூசிக்கோவின் கடையில் எவரும் உள்ளே வரலாம், விரும்பியவற்றைத் தொட்டுப் பார்க்கலாம், வாங்காமலும் போகலாம். ஒவ்வொரு பொருளிலும் விலை குறிக்கப்பட்டிருந்தது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் இடமிருந்தது. மூன்று அச்சங்களுக்கும் மூன்று மருந்துகள்!

இஃது அறச்செயல் மட்டும் அன்று. நுட்பமான கணக்கும் ஆகும். பேரம் பேசுவதற்கு அனுபவமுள்ள விற்பனையாளர் வேண்டும், நேரமும் வேண்டும். விலைச்சீட்டு இருப்பின் புதிதாகச் சேர்ந்த ஊழியரும் விற்கலாம். ஒரு நாளில் பலரைக் கவனிக்கலாம். பொருளுக்குப் பொருள் இலாபம் குறைந்தாலும், சரக்கு விரைந்து கைமாறுவதால் மொத்த இலாபம் பெருகும். கறார் விலையின் வெற்றி இரகசியம் இதுவே.

ஆயின் இந்நிலவுக்கும் களங்கம் உண்டு. போன் மார்ஷே போன்ற பேரங்காடிகளைக் கண்டு எமிலி ஜோலா 1883-இல் வெளியிட்ட நாவல், சிறு கடைகள் நசிவதையும், தேவையற்றதை வாங்கத் தூண்டப்பட்ட பெண்களின் நிலையையும் சித்திரிக்கின்றது. 1909-இல் இலண்டனில் கடை திறந்த கார்டன் செல்பிரிட்ஜ், அவ்வாண்டில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோவின் விமானத்தையே தம் கடையில் காட்சிக்கு வைத்தார். மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அச்சத்தை நீக்கும் கலையோடு ஆசையை மூட்டும் கலையும் சேர்ந்துகொண்டது.

நம் நாட்டில் 1904-இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், வாங்குவோரையே கடைக்கு உடைமையாளர் ஆக்கி, ஏமாற்றத்துக்கு இடமில்லாமற் செய்ய முற்பட்டது. 1966-இல் புதுதில்லியில் அமைந்த சூப்பர் பஜாரும் நியாய விலையை நோக்கமாகக் கொண்டு தோன்றியதே. 1990 முதல், பொதியப்பட்ட பொருள்களின்மேல் வரிகள் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடுவது கட்டாயமாக்கப்பட்டது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதன் அருமை நன்கு புலப்படும். ஊர் புதிது, மொழி புதிது என்னும் நிலையில் பேரத்தில் தோற்பவர் அயலூரார்தாம். அச்சிட்ட எண்ணோ மொழியறியாதவர்க்கும் உள்ளூரார்க்கும் ஒன்றையே கூறும். அது வெறும் விலை அன்று. சம மதிப்பின் சின்னம்.

இன்று அங்காடி இணையத்துக்கு வந்துவிட்டது. ஆங்கும் பார்த்துவிட்டுப் போவோரே மிகுதி. அவர்களை வாங்கவைக்கும் முயற்சியில் பழைய அச்சங்கள் புதிய உருவில் மீள்கின்றன. தொடக்கத்தில் ஒரு விலை, பணம் செலுத்தும் நேரத்தில் வேறு விலை. கேளாத பொருள் கூடையில் சேர்ந்திருத்தல். இல்லாத அவசரத்தை உண்டாக்குதல். சந்தாவில் சேர்வது எளிதாய், விலகுவது அரிதாய் இருத்தல் ஆகியவை அவற்றுட் சில. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 சூழ்ச்சி முறைகளை வகைப்படுத்தித் தடை செய்துள்ளன. துண்டின் மறைவில் பேசிய விலையே இன்று திரையின் மறைவில் பேசப்படுகின்றது எனலாம்.

வணிகர்க்கும் வாங்குவோர்க்கும் இவ்வரலாறு பொதுவாகக் கற்பிப்பது ஒன்றுண்டு. சூழ்ச்சியால் ஒருவரை ஒருமுறை வாங்கவைக்கலாம். வாங்காமல் வெளியேறும் உரிமையை மனமுவந்து அளிக்கும் கடைக்கே அவர் மறுமுறையும் வருவார்.