புனங்காவலும் பன்றிப்பொறியும்



உழவனுக்குப் பகையான விலங்குகளுள் யானைக்குக் கிடைத்த பேர் காட்டுப்பன்றிக்குக் கிடைக்கவில்லை. யானை வந்தால் ஊர் திரளும், பத்திரிகையும் எழுதும். பன்றியோ ஓசையின்றி வந்து, மரவள்ளித் தோட்டத்தையோ கச்சான் பாத்தியையோ ஓரிரவிற் கிண்டிப் புரட்டிவிட்டு, விடியுமுன் பற்றைக்குள் மறைந்துவிடும். அது தின்பதிலும் பார்க்கக் கெடுப்பதே மிகுதி. ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகளை ஈனும் விலங்காதலால், ஒன்றிரண்டைக் கொல்வதாற் கூட்டம் குறைவதுமில்லை.

இப்பகை மிகப் பழையது. சங்கப் பாடல்களிற் குறிஞ்சித்திணையை எடுத்துக்கொண்டால், தினைப்புனமும் அதன் காவலும் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. பகலிலே தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளியோட்டுவோர் மகளிர். இரவிலே பரண்மீது விழித்திருப்போர் ஆடவர். அவர்கள் காத்தது யானைக்கும் பன்றிக்கும் எதிராகவே. காவலோடு பொறியும் இருந்தது. நற்றிணையின் 98ஆம் பாட்டிலே, பொறி அமைத்த ஒடுங்கிய வழியாற் பன்றியொன்று புனத்துள் நுழையப் பார்க்கிறது. அவ்வேளை பக்கத்திலே பல்லி சொல்லக் கேட்டு, மெல்லமெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்குத் திரும்பிவிடுகிறது. பன்றியின் சூதானத்தைக் கண்ணாற் கண்டவர்க்கன்றி இவ்வாறு பாட வராது. பாடியவர் உக்கிரப்பெருவழுதி என்னும் பாண்டிய மன்னர் என்பது வியப்பைத் தருவது.

அதே நூலின் 119ஆம் பாட்டில் வரும் செய்தி இன்னும் கருதத்தக்கது. தினை தின்னும் பன்றிக்கெனப் புனவன் பெருங்கல்லொன்றைச் சிறிய பொறியிலே மாட்டி நிறுத்துகிறான். அடார் என்பது அதன் பெயர். அதில் அகப்படுவது பன்றியன்று, புலி! தமிழ்ப் புலவர் இதனை ஒரு மலைநாட்டின் சிறப்பாகவே சொல்லிச் செல்கிறார். ஆயினும், பன்றிக்கு வைத்த பொறி பன்றியையே பிடிக்கும் என்ற உறுதி அன்றும் இல்லை என்பது அதிலே தெரிகிறது.

நமது தீவுக்கு வருவோம். 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் கரையிற் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் கண்டவற்றை 1681இல் நூலாக வெளியிட்டார். பன்றி பிடிக்கும் முறை ஒன்றும் அதில் உண்டு. ஏற்ற ஆழத்திலே குழி தோண்டிக் கூரிய கழிகளை நட்டு, மேலே மண்ணும் இலையும் பரப்பி, அதன்மேற் பன்றி விரும்பும் கிழங்கை நட்டுவிடுவார்களாம். கிழங்கு வளரும்வரை மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டியும் வருமாம். எத்துணைப் பொறுமை!

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேட்டைக்கு வேறொரு முகம் உண்டாயிற்று. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவிப் பன்றியை மடக்கி, கத்தியாற் குத்திக் கொல்வதைப் பெரும் விளையாட்டாகக் கருதினார். இது துரைமாரின் பொழுதுபோக்கு. உழவனின் கிழங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தபோதும், காப்பிடங்களுக்கு வெளியே காட்டுப்பன்றிக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவில்லை. உழவனின் முறைப்பாடு அந்த அளவுக்காவது செவியேறியது எனலாம்.

ஆனால் துவக்கு இருந்தாற் போதுமா? அதனைப் பிடித்துக்கொண்டு இரவிரவாக இருப்பதற்கு ஆள் வேண்டும். குரக்கனும் சோளமும் விளையும் சேனைகளிற் பரண் காவல் என்பது ஒரு குடும்பத்தின் உறக்கத்தை விலையாகக் கேட்பது. பரணில் இரவைக் கழித்த பையன் காலையில் வகுப்பிலே தூங்கி விழுவதை, காட்டோரப் பள்ளிகளிற் படிப்பித்த ஆசிரியர் எவரும் அறிவர். அவனை அடிப்பதா, பாய் விரித்துக் கொடுப்பதா? பையன்கள் படித்து நகருக்கும் வெளிநாட்டுக்கும் போயினர், போகத்தான் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே குடிகள் இடம்பெயர, வயல்கள் பற்றையாயின. பன்றிக்கு அதனினும் நல்ல வீடு வேறில்லை.

காவலாளி இல்லாத இடத்திலே பொறி மாத்திரம் எஞ்சியது. பன்றி நடக்கும் தடத்திலே கயிறு கட்டி, கயிறு தட்டுப்பட்டால் வெடிக்குமாறு வைக்கும் கட்டுத்துவக்கு, விறகுக்கும் தேனுக்கும் போன மனிதரின் காலைச் சிதைத்திருக்கிறது. கம்பிக் கண்ணியின் கதையும் அதுவே. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே, நல்லதண்ணிப் பகுதியிற் காணக்கிடைத்தற்கரிய கருஞ்சிறுத்தையொன்று கண்ணியில் இறுகி, சில நாட்களில் மாண்டது. நற்றிணைப் புனவனின் அடார் என் நினைவுக்கு வந்தது அப்பொழுதுதான்.

எல்லாவற்றிலும் கொடியது வாய்வெடி. சிங்களத்திலே 'ஹக்க பட்டாஸ்' என்பர். பூசணி முதலிய தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து, பன்றி கடித்தவுடன் வெடிக்குமாறு போட்டுவிடுகிறார்கள். பயிரைக் காக்க வைப்போரும் உளர்; இறைச்சிக்காக வைப்போரும் உளர். பின்னவர் செயலை உழவன் தலையிற் சுமத்துவது நியாயமன்று. பூசணியோ யானைக்கும் விருப்பமானது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இத்தீவிலே 400க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. துவக்குச் சூடு, மின்சாரம் ஆகியவற்றோடு இவ்வெடியும் அதற்குக் காரணம். இதற்கு இரையாவன பெரும்பாலும் இளங்கன்றுகளே. தாடை சிதைந்த கன்று உடனே சாவதில்லை. உண்ணவும் நீர் பருகவும் மாட்டாமல், பல நாள் நீர்நிலையோரத்திலே நின்று மெலிந்து விழும். வெடி வைத்தவன் அதற்குள் வேறொரு காட்டிற்குப் போயிருப்பான். பன்றியோ அடுத்த தோட்டத்திலே கிழங்கைக் கிண்டிக்கொண்டிருக்கும்.