இரும்பால் தீராத இரத்தசோகை
இரத்தசோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரையே நினைவுக்கு வரும். சாமராஜநகர் மலைகளின் வரலாறு வேறொன்றையும் கற்பிக்கிறது. அண்டையிலுள்ள நீலகிரியின் பழங்குடியினரிடையே 1952இல் லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள், சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைக்கும் மரபுக்கூறைக் கண்டறிந்தனர். பிளிகிரிரங்கன் மலையில் 1981இல் மருத்துவர் சுதர்சன் நிறுவிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம், சோளிகரிடையே அதே கூறைக் கண்டு மருத்துவம் அளித்தது.

இந்நோய் உணவுக் குறையால் வருவதன்று, மரபுவழி வருவது. பெற்றோர் இருவரும் அக்கூறைச் சுமப்பவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 2023இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் 2047ஐ இலக்காகக் கொண்டது. குருதிச் சோதனையால் காரணம் அறியாமல் மாத்திரை மட்டும் வழங்குவது, மலைமக்களின் நோயைப் பெயரின்றியே விட்டுவிடுவதாகும்.