சாதியைக் கேட்காத இயந்திரம்: மருத்துவச் செயற்கை நுண்ணறிவும் செலவுக் கணக்கும்

நீரிழிவு, இதயநோய் போன்ற நாட்பட்ட நோய்களால் இனிப் பெரிதும் துன்புறக்கூடியவர் யாரென முன்கூட்டியே கணித்து, அவர்களுக்குக் கூடுதல் கவனிப்பு வழங்கும் கணினி நிரல்களை அமெரிக்க மருத்துவமனைகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. அத்தகைய நிரல் ஒன்றை ஜியாத் ஓபர்மேயர், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் ஆராய்ந்து, 2019 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர்.

அந்நிரலுக்கு நோயாளியின் இனம் தெரிவிக்கப்படவே இல்லை. ஆயினும், ஒரே மதிப்பெண் பெற்றவர்களுள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரே மிகுதியாக நோயுற்றிருந்தனர். கூடுதல் கவனிப்புக்குத் தானாகவே தேர்வாகும் மதிப்பெண் நிலையில் வெள்ளையருக்குச் சராசரியாக 3.8 நாட்பட்ட நோய்களும் கறுப்பினத்தவருக்கு 4.8 நோய்களும் இருந்தன. இப்பிழை களையப்பட்டால், தேர்வானோருள் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

பிழை எங்கிருந்து வந்தது? நிரல் நோயை அளக்கவில்லை. மருத்துவச் செலவை அளந்தது. அதிகம் செலவானவருக்கே அதிகத் தேவை என அது கொண்டது. ஆனால் அதே அளவு நோயுள்ள கறுப்பினத்தவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 டாலர் குறைவாகவே செலவிடப்பட்டிருந்தது. வறுமை, விடுப்பு கிடைக்காத வேலை, மருத்துவமனையின் தொலைவு ஆகியவற்றோடு அவநம்பிக்கையும் இதற்குக் காரணம். டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை அளிக்காமலே அதன் போக்கைக் கண்காணித்த அரசு ஆய்வை அச்சமூகம் எளிதில் மறக்குமா? மறுக்கப்பட்ட சிகிச்சையை, தேவையற்ற சிகிச்சை என நிரல் படித்துக்கொண்டது.

இந்தியாவில் 2018இல் தொடங்கிய பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், அதற்கும் முன்னரே 2009இல் தமிழகத்தில் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஆகியவற்றின் வழியே குவிவதும் பெரும்பாலும் இவ்வகைத் தரவே: மருத்துவமனை வாசலை அடைந்தவரின் செலவுக் கணக்கு. ஒரு நாள் கூலியை இழக்க இயலாமல் மருந்துக்கடை மாத்திரையோடு வேலைக்குத் திரும்பும் தூய்மைப் பணியாளர் அதில் எங்கே இருக்கிறார்? அத்தரவைக் கொண்டு பயிற்றுவிக்கப்படும் நிரலுக்கு அவர் உடல்நலம் மிக்கவராகவே தோன்றுவார்.

இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் பாகுபாடு வெளிப்பட்டதற்குக் காரணம், மருத்துவமனைப் பதிவில் இனம் குறிக்கப்பட்டிருந்தமையே. ஆதார் சட்டம் (2016) சாதி விவரம் திரட்டுவதைத் தடுக்கிறது. ஆதார் வழியே உருவாக்கப்படும் 14 இலக்க 'ஆபா' மருத்துவ எண்ணும் சாதியை அறியாது. முகவரியும் தொழிலுமோ சாதியைச் சொல்லிவிடும். அதாவது நிரல் பாகுபாடு காட்டலாம். நம்மால் அதை மெய்ப்பிக்க இயலாது.

அதற்காக ஒவ்வொரு நோயாளிச் சீட்டிலும் சாதியை எழுதச் சொல்வது பேராபத்து. வார்டில் அதைப் படிக்கப்போகிறவர் யார் என்பதை நாம் அறிவோம். தணிக்கைக்கு மட்டும், ஒப்புதலோடு, சிகிச்சை அளிப்போர் கண்ணில் படாதவாறு தனி அமைப்பு ஒன்று சாதித் தரவைக் காத்துவைப்பதே பொருந்தும் வழி.

திருத்தம் கடினமானதும் அன்று. செலவோடு நோயின் அளவையும் சேர்த்துக் கணிக்குமாறு மாற்றியபோது, அமெரிக்க நிரலின் பாகுபாடு 84 விழுக்காடு குறைந்தது. அரசு மருத்துவமனை ஒன்று இத்தகைய நிரலை வாங்குமாயின், அது எதை அளக்கிறது, எவருடைய தரவால் பயிற்றுவிக்கப்பட்டது என்னும் இரு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர் எவரும் இன்றே கேட்கலாம்.