வீடிழந்தவர் வைத்த வாசல்

நம்மவர்களுக்கு வாசல் வேறு, கதவு வேறு. வாசல் என்பது திறப்பு. கதவு என்பது அதை அடைக்கிற பலகை. வாசலில் நிற்கலாம், கதவில் நிற்க முடியாது. இங்கிலீஷ்காரர்களோ 'டோர்' என்ற ஒரே சொல்லைப் பெரும்பாலும் இரண்டுக்கும் வழங்கிவிடுகிறார்கள். ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்து ஊர் மதிலின் வாயிலுக்குப் போனால், அங்கே 'கேட்' என்று வேறு சொல் வந்துவிடுகிறது.

ஐரோப்பாவின் நடுவிலுள்ள செக் நாட்டாரின் பாஷையில் இந்தப் பாகுபாடு இன்னும் நுட்பமானது. வீட்டுக் கதவு 'த்வெர்ஷே'. களஞ்சியத்துக்கும் வண்டிக் கொட்டகைக்கும் இருக்கிற பெருங்கதவு 'வ்ரதா'. நகரத்தின் கோட்டை வாயில் 'ப்ரானா'. மனிதன் காலால் நடந்து நுழைகிற வழிக்கு ஒரு சொல். வண்டி நுழைகிற வழிக்கு வேறொரு சொல். இங்கிலீஷில் இவ்விரண்டுக்கும் 'என்ட்ரன்ஸ்' என்றே சொல்லிவிடலாம். 'த்வெர்ஷே' என்பது எப்போதும் பன்மை. ஒற்றைக் கதவுதான் இருக்கிறது என்றாலும் இலக்கணப்படி அது 'கதவுகள்'தான்!

'ப்ரானா' என்ற சொல் 'தற்காத்தல்' என்ற வினைக்கு உறவு. அதாவது, அங்கே காவல்காரன் நிற்கிறான். 'த்வெர்ஷே'யின் உறவோ வேறு. இங்கிலீஷ் 'டோர்', ஸம்ஸ்கிருதத்தின் 'த்வார' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நாம் ஸம்ஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட துவாரம் இன்று வெறும் ஓட்டையாகச் சுருங்கிவிட்டது. கோயிலில் துவாரபாலகர் நிற்கிற இடத்தில் மாத்திரம் அது இன்னும் வாசலாகவே இருக்கிறது.

இதெல்லாம் அகராதிக்காரர் வேலை, நமக்கெதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், ஒரு மனிதருடைய சரித்திரத்தைப் படிக்காமல் இருந்திருந்தால். தம் வீட்டு வாசலை என்றென்றைக்கும் இழந்துவிட்ட ஒருவர், ஒரு புத்தகம் எழுதி, அதற்கு 'வாசல்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் பாஷைக்குப் பாஷை எந்தச் சொல்லாக மாறிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர் பெயர் யான் ஆமோஸ் கோமென்ஸ்கி. லத்தீனில் கொமேனியஸ் என்பார்கள். 1592-ம் ஆண்டு மொராவியாவில் பிறந்தவர். கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்து நின்ற செக் சகோதரர் சங்கத்தின் குருவாக ஃபுல்னெக் என்ற ஊரில் இருந்தார். 1620 நவம்பரில் பிராக் நகரத்துக்குப் பக்கத்தில் வெள்ளை மலை என்ற இடத்தில் நடந்த சண்டையில் பொஹீமியப் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தியிடம் தோற்றார்கள். மறு வருஷம் ஜூன் மாதத்தில் பிராக் சதுக்கத்தில் 27 பேருக்குச் சிரச்சேதமும் தூக்கும் நடந்தன. கோமென்ஸ்கி தலைமறைவானார். 1622-ல் மனைவியும் இரண்டு குழந்தைகளும் கொள்ளைநோயில் மாண்டார்கள். பிறகு, அரசாங்கத்தின் மதத்துக்கு வா, அல்லது தேசத்தை விட்டுப் போ என்று சட்டம் பிறந்தது. 1628-ல் அவர் எல்லையைக் கடந்து போலந்திலுள்ள லெஷ்னோ என்ற ஊருக்குப் போனார். அப்புறம் அவர் தம் நாட்டில் வாழவே இல்லை.

லெஷ்னோவில் பள்ளிக்கூட உத்தியோகம். அந்தக் காலத்தில் லத்தீன் கற்பிப்பது பிள்ளைகளை வதைக்கிற காரியம். பொருள் தெரியாமலே இலக்கண விதிகளை உருப்போட வேண்டும்; தவறினால் பிரம்பு. இவர் வேறு வழி கண்டார். சுமார் 8,000 சொற்களை 1,000 வாக்கியங்களில் அமைத்தார். அவற்றை 100 பகுதிகளாகப் பிரித்தார். நெருப்பு, நீர், மிருகம், உழவு, வீடு, தொழில் என்று உலகத்துப் பொருள்களெல்லாம் வரிசையாக வரும். பக்கத்தில் தாய்பாஷை இருக்கும். பையன் தெரிந்த பொருளின் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத சொல்லிடம் போகலாம். 1631-ல் வெளிவந்த இந்தப் புத்தகத்தின் லத்தீன் பெயரில் முதல் சொல் 'யானுவா'. திறந்துவிடப்பட்ட பாஷைகளின் வாசல் என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பெயர் அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. 1611-ல் ஸ்பெயின் தேசத்து ஸாலமான்காவில் ஐரிஷ் ஜெஸ்யூட் பாதிரிகள் இதே பெயரில் ஒரு லத்தீன் பாடநூல் வெளியிட்டிருந்தார்கள். இதிலுள்ள விசித்திரத்தைக் கவனியுங்கள். இவரை நாட்டை விட்டுத் துரத்திய கட்சியின் பெரும் படை ஜெஸ்யூட்டுகள். ஆனால் அந்த ஐரிஷ் பாதிரிகளோ, புராடெஸ்டண்ட் இங்கிலாந்தின் ஆட்சியிலே தங்கள் மண்ணில் கல்லூரி நடத்த முடியாமல் கடல் கடந்தவர்கள். ஒரு மதத்தார் மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்கள் அவர்கள்; இன்னொரு மதத்தார் மூடிய கதவுக்கு வெளியே நின்றவர் இவர். இரு தரப்பாரும் தங்கள் புத்தகத்துக்கு ஒரே பெயரை வைத்தார்கள்!

'யானுவா' என்பது லத்தீனில் வீட்டு வாசல். நகர வாயிலுக்கு அந்தப் பாஷையில் 'போர்ட்டா' என்று தனிச் சொல் உண்டு. 1631-லேயே லண்டனில் ஆன்கோரன் என்பவர் லத்தீன், இங்கிலீஷ், பிரெஞ்சு என்று மூன்று பாஷைகளில் இந்த நூலைப் பிரசுரித்தார். அதன் லத்தீன் தலைப்பில் 'யானுவா' போய் 'போர்ட்டா' வந்தது. இங்கிலீஷில் 'கேட்' ஆயிற்று. வீட்டு வாசல் கோட்டை வாயிலாகிவிட்டது. 1633-ல் நூலாசிரியரே தம் தாய்பாஷையில் அதை வெளியிட்டபோது, 'ப்ரானா' என்று போடவில்லை. 'த்வெர்ஷே' என்றே போட்டார்.

லத்தீனைச் சரியாகப் பெயர்த்தார், அவ்வளவுதானே என்று பண்டிதர்கள் சொல்லலாம். மறுக்கவில்லை. ஆனால் கதை எழுதிப் பழகியவனுக்கு அதற்குமேல் ஒன்று தோன்றுகிறது. கோட்டை வாயிலில் சேவகன் யார், எவர் என்று கேட்பான், வரி கேட்பான், என்ன மதம் என்றுகூடக் கேட்பான். வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு தாய் வந்து திறப்பாள். படிப்பு இந்த இரண்டில் எது மாதிரி இருக்கவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஏழை, பணக்காரன், ஆண், பெண் எல்லோருக்கும் எல்லாம் கற்பிக்கவேண்டும் என்று அந்த நாளிலேயே எழுதியவர் அவர்.

புத்தகம் ஐரோப்பா முழுவதும் சென்றது. ஆசிரியருக்கு மட்டும் வீடு வாய்க்கவில்லை. 1641-ல் லண்டனுக்கு அழைக்கப்பட்டுப் போனார். அங்கே உள்நாட்டுக் கலகம் மூளவே திரும்ப வேண்டியதாயிற்று. 1648-ல் முப்பது வருஷ யுத்தம் முடிந்து சமாதானம் ஏற்பட்டபோது, செக் அகதிகள் ஊர் திரும்ப அந்த உடன்படிக்கையில் இடமில்லை. 1656-ல் லெஷ்னோ தீக்கிரையாயிற்று. நாற்பது வருஷத்துக்குமேல் சேர்த்து வைத்திருந்த செக் பாஷை அகராதியின் கையெழுத்துப் பிரதியும் அதில் சாம்பலாயிற்று. ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்து, 1670-ல் அங்கேயே காலமானார்.

இங்கிலீஷில் அந்நியனை 'ஃபாரினர்' என்கிறார்கள். அந்தச் சொல், 'கதவுக்கு வெளியே' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'டோர்' பிறந்த வேரும் அதுவே. வாசலும் அந்நியனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கோமென்ஸ்கி கடைசி 42 வருஷங்களை அந்த வெளிப்பக்கத்தில்தான் கழித்தார்.

1658-ல் நூரம்பர்க்கில் அவருடைய சித்திரப் பாடநூல் வெளிவந்தது. அதில் ஒரு வீட்டின் படம் இருக்கிறது. முகப்பு, வாசற்படி, மேல்நிலை, பக்க நிலைகள், கீல், தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, எதிரே பெயர் எழுதியிருக்கும். முதற்பதிப்பில் லத்தீனும் ஜெர்மனும். மறு வருஷமே லண்டனில் இங்கிலீஷ் வந்துவிட்டது. செக் மட்டும் வரவில்லை. அவர் இறந்து 15 வருஷம் கழித்து, 1685-ல், இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள லெவோச்சாவில் ஒரு பதிப்பு அச்சாயிற்று. லத்தீன், ஜெர்மன், ஹங்கேரியன் ஆகியவற்றோடு நாலாவதாக அவருடைய தாய்பாஷையும் அதில் இடம் பெற்றது. இவ்வளவு காலம் வெளியே நின்ற செக் சொற்கள் ஒருவழியாக அந்தப் படத்து வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.