300 டாலர் பிஸ்டல்: எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது?

யூடியூப் ஷார்ட்ஸில் அடிக்கடி ஒரு வீடியோ வரும், பார்த்திருப்பீங்க. மேஜை மேல ஒரு சாதா கறுப்பு பிஸ்டல். அடுத்த 40 நொடிகளில் அதில் தங்க நிற பேரல், சிவப்பு ட்ரிக்கர், மேலே குட்டி ஸ்கோப், கீழே டார்ச் எல்லாம் ஏறிவிடும். `வெறும் 300 டாலர் துப்பாக்கி பாஸ் இது' என்று பின்னணிக் குரல் பெருமைப்படும்.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. நம்ம ஊரில் பைக் வாங்கின கையோடு சைலன்ஸரையும் ஹேண்டில்பாரையும் மாற்றுவோமே, அது மாதிரி. ஒரே வித்தியாசம், இதில் தப்பான பாகத்தில் கைவைத்தால் போலீஸ் அபராதத்தோடு முடியாது. டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ இருக்கும் உங்கள் அண்ணனோ ஃப்ரெண்டோ `ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்' என்று சொன்னால், அவருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பி வையுங்கள்.

முதல்ல, செமி-ஆட்டோமேட்டிக் என்றால் என்ன?

ஒருமுறை ட்ரிக்கரை அழுத்தினால் ஒரே ஒரு குண்டு. அவ்வளவுதான். வெடிக்கும் வேகத்தில் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே எறியும். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது, மேகஸினிலிருந்து அடுத்த தோட்டா பேரலுக்குள் ஏறிவிடும். அடுத்த குண்டுக்கு விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். விரலை எடுக்காமலே சுட்டுக்கொண்டிருப்பது ஃபுல் ஆட்டோமேட்டிக். அது வேறு கதை, வேறு சட்டம். அதற்குப் பிறகு வருவோம்.

எப்படி இவ்வளவு மலிவு?

1982-ல் ஆஸ்திரிய ராணுவம் `க்ளாக் 17' பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. அதன் கைப்பிடிப் பகுதி முழுக்க பாலிமர், அதாவது உறுதியான பிளாஸ்டிக். இரும்பைக் கடைந்து எடுப்பதற்குப் பதிலாக அச்சில் வார்த்து எடுத்துவிடலாம். உள்ளே பாகங்களும் குறைவு. அந்த வழியில் மற்ற கம்பெனிகளும் இறங்க, விலை இறங்கியது.

இன்று பட்ஜெட் வரிசையில் அதிகம் பேசப்படும் ஒன்று, பிரேசில் கம்பெனியான டாரஸின் `ஜி3சி'. 2020-ல் வந்தது. 9 எம்.எம் தோட்டா, சுமார் 3.2 இன்ச் பேரல், காலியாக இருக்கும்போது 600 கிராமுக்குச் சற்று மேலே எடை. ஒரு மேகஸினில் 12 ரவுண்டு. அமெரிக்கக் கடைகளில் 300 டாலருக்குக் கீழேயே கிடைக்கும். இந்தக் கட்டுரைக்கு இதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

வாங்கும் முன்: நீங்கள் வாங்கலாமா?

லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. `4473' என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். எஃப்.பி.ஐ நடத்தும் `நிக்ஸ்' சிஸ்டத்தில் பின்னணிச் சோதனை நடக்கும். பலருக்கு சில நிமிடங்களிலேயே பதில் வந்துவிடும். சில மாநிலங்களில் இதற்கு மேல் பெர்மிட்டும் காத்திருப்பு நாள்களும் உண்டு.

இங்கேதான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் நுழைந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் பொதுவாகத் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. `வீக்எண்ட்ல ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துதானே சுடப் போறோம்' என்று நினைக்காதீங்க. கையில் எடுப்பதே `வைத்திருப்பது'தான். விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டுப் போங்க.

`நீ வாங்க முடியாதுன்னா என்ன, என் பேர்ல வாங்கித் தர்றேன்' என்று கிரீன் கார்டு நண்பர் சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அடுத்தவருக்காகத் தன் பெயரில் வாங்குவது ஃபெடரல் குற்றம். 2022-ல் வந்த சட்டப்படி 15 வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

பழைய பிஸ்டலா? சீரியல் நம்பரைப் பாருங்க

செகண்ட் ஹேண்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால், ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்ற புகாரில், டாரஸின் `பி.டி-111 மில்லெனியம்' உள்ளிட்ட சில பழைய மாடல்கள் மீது அமெரிக்காவில் வழக்கு நடந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பிஸ்டல்கள் சம்பந்தப்பட்ட அந்த வழக்கு, 2015-ல் சமரசத்துக்கு வந்தது. கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு 2023-ல் `ஜிஎக்ஸ்4' மாடலில் சில பிஸ்டல்களுக்குக் கம்பெனியே பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. எந்த கம்பெனி பிஸ்டலாக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் அதன் சீரியல் நம்பரை கம்பெனி தளத்தில் ஒருமுறை தட்டிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

மாற்றலாம்: இந்த வரிசையில்

*ஹோல்ஸ்டர்:* முதல் செலவு இதுதான். 40-60 டாலரில் நல்லது கிடைக்கும். கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே அச்செடுத்ததாக இருக்கட்டும். ட்ரிக்கர் பகுதி முழுசாக மூடியிருக்க வேண்டும். மலிவான துணி ஹோல்ஸ்டர் நாளடைவில் தளர்ந்து மடங்கும். அந்த மடிப்பு பிஸ்டலை உள்ளே வைக்கும்போது ட்ரிக்கரில் சிக்கினால், குண்டு உங்கள் தொடையில்தான். பின்னால் டார்ச் மாட்டினால் ஹோல்ஸ்டரையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், ரெண்டையும் சேர்த்தே யோசிங்க.

*க்ரிப்:* கை வியர்த்தால் வழுக்குகிறதா? 15 டாலர் க்ரிப் டேப் போதும். சூடான சால்டரிங் அயர்னால் பிளாஸ்டிக்கில் புள்ளி புள்ளியாக உருக்கி டிசைன் போடும் வீடியோக்கள் அழகாத்தான் இருக்கும். ஆனால், கை தவறினால் சரிசெய்ய வழியில்லை, வாரன்டியும் போய்விடும்.

*சைட்:* குறிபார்க்க உதவும் முன், பின் புள்ளிகள். ஜி3சி-யில் க்ளாக் அளவு சைட்கள் பொருந்தும் என்பதால் மார்க்கெட்டில் சாய்ஸ் நிறைய. இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியம் சைட் வாங்கினால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 வருடம். அதற்குள் வெளிச்சம் பாதியாகிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் தயாரிப்பு வருடம் பாருங்க.

*ரெட் டாட்:* கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரியும் குட்டி ஸ்கோப். இதை மாட்ட ஸ்லைடில் பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். `டோரோ' என்ற பெயரோடு வரும் டாரஸ் மாடல்களில் அது கம்பெனியிலிருந்தே இருக்கும். ஆனால், ஒரு நல்ல ரெட் டாட்டின் விலை பிஸ்டலையே தாண்டிவிடும். சாதா சைட்டில் சுடப் பழகிய பிறகு யோசித்தால் போதும்.

தொடாதீங்க: ட்ரிக்கரும் உள் பாகங்களும்

`லைட் ட்ரிக்கர் போட்டா வெண்ணெய் மாதிரி இருக்கும்' என்று கமென்ட்டில் சொல்வார்கள். ட்ரிக்கர் கனமாக இருப்பது தயாரிப்புக் குறை இல்லை, அதுவும் ஒரு பாதுகாப்புதான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளும் சேர்ந்துதான், கீழே விழுந்தால் வெடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றது எப்படி வேலை செய்யும் என்று வீட்டு மேஜையில் சோதிக்க முடியாது. சில நேரம் இதற்கு நேரெதிராக, அவசரத்தில் அழுத்தினால் வெடிக்காமலே போகும். பல மாதம் பழகிய பிறகும் ட்ரிக்கர் பிடிக்கவில்லை என்றால், வேறு பிஸ்டல் வாங்குங்கள். அல்லது தகுதியுள்ள கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

சட்டம் தொடவிடாத பாகங்களும் உண்டு. `ஸ்விட்ச்' என்ற பெயரில் ஆன்லைனில் சுற்றும் சின்னத் துண்டு, பிஸ்டலை ஃபுல் ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடும். பிஸ்டலில் மாட்ட வேண்டாம், அந்தத் துண்டு மட்டும் கையில் இருந்தாலே ஃபெடரல் சட்டப்படி மெஷின் கன் வைத்திருந்த கணக்கு. 10 வருடம் வரை சிறை. தோளில் ஊன்றும் ஸ்டாக், முன்னால் பிடிக்கும் செங்குத்துக் கைப்பிடி ஆகியவற்றை மாட்டினால், அது சட்டத்தின் பார்வையில் வேறு வகை ஆயுதமாகிவிடும். முன்அனுமதியும் பதிவும் இல்லாமல் மாட்டக் கூடாது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் மேகஸினுக்கு 10 ரவுண்டுதான் உச்சவரம்பு. டெக்சாஸில் வாங்கிய 12 ரவுண்டு மேகஸினை அங்கே எடுத்துப் போவதே சிக்கல்.

உண்மையான செலவு எங்கே?

9 எம்.எம் பயிற்சித் தோட்டா சாதாரண காலங்களில் ஒன்று கால் டாலர் அளவில் விற்கும். கணக்குப் போடுங்க. 1,000 ரவுண்டு சுட்டால் 250 டாலர். கிட்டத்தட்ட பிஸ்டல் விலை. தற்காப்புக்காக வாங்கியதை நம்பும் முன் குறைந்தது 200-300 ரவுண்டாவது சிக்காமல் சுடுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள் அனுபவசாலிகள். ரேஞ்ச் கட்டணம், அடிப்படைப் பயிற்சி வகுப்பு, கண்ணாடி, காது மூடி எல்லாம் தனி. காது மூடி இல்லாமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம். பிஸ்டல் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் போனாலே ஒரே வெடியில் காது நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தோட்டாவின் ஈயத் துகள் கையில் ஒட்டியிருக்கும்.

தங்க நிற பேரலுக்குப் போகும் 150 டாலருக்கு 600 ரவுண்டு பயிற்சி கிடைக்கும். குறி தப்புவதைக் குறைப்பது பயிற்சிதான், பேரலின் நிறமில்லை.

சுத்தம் செய்யும்போது கவனம்

`காலின்னு நினைச்சேன்' என்பது விபத்துகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. முதலில் மேகஸினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். வரிசை மாறி, ஸ்லைடை இழுத்துவிட்டு மேகஸினைக் கழற்றினால், உள்ளே ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். இந்த வகை பிஸ்டல்கள் பலவற்றைப் பிரிக்க ட்ரிக்கரை அழுத்த வேண்டியிருக்கும் என்பதுதான் ஆபத்தே. தோட்டா டப்பா வேறு அறையில் இருக்கட்டும்.

ரேஞ்சில் அழுத்தியும் வெடிக்கவில்லையா? திருப்பிப் பார்க்காதீங்க. பேரலை டார்கெட் பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

ஊருக்கு வரும்போது பையைப் பாருங்க

ரேஞ்சுக்குக் கொண்டுபோன பேக்கையே ஊருக்கும் எடுத்துவந்து, அடியில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் இந்திய ஏர்போர்ட்டில் மாட்டியவர்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் ஆயுதச் சட்டம் 1959 பாயும். தெரியாமல் வந்ததுதான் என்று நீதிமன்றம் வழக்கை ரத்து செய்த சம்பவங்கள் இருக்கின்றன. ஆனால், அதற்குள் உங்கள் ஃப்ளைட்டும், ஒருவேளை தங்கச்சி கல்யாணமும் முடிந்திருக்கும். ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முதல் ஆக்சஸரி

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர் என்கிறது அந்நாட்டின் சி.டி.சி. அதில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேல், தற்கொலை. திருடனுக்காக வாங்கி வைக்கும் ஆயுதம், வீட்டில் மனம் உடைந்திருப்பவர் கையிலோ, அலமாரியைத் துழாவும் குழந்தை கையிலோ சிக்கும் அபாயம் எப்போதும் இருக்கிறது.

அதனால் பிஸ்டலோடு சேர்த்தே ஒரு பூட்டுப் பெட்டி வாங்குங்கள். ஜி3சி-யில் மாட்டும் எல்லாப் பொருளையும்விட அதுதான் முக்கியம். தலையணைக்கு அடியும் அலமாரி மேல் தட்டும் பூட்டு இல்லை. வீட்டில் யாராவது மனதளவில் கஷ்டத்தில் இருந்தால், அந்தக் காலம் கடக்கும் வரை துப்பாக்கி வீட்டிலேயே இருக்க வேண்டாம். பாதுகாப்பாக வெளியே வைக்க என்ன வழி என்று உள்ளூர் கடையிலோ போலீஸிலோ கேளுங்கள். உதவி தேவைப்பட்டால் அமெரிக்காவில் 988, இந்தியாவில் 14416 எண்களில் எந்த நேரத்திலும் பேசலாம்.

பூட்டுப் பெட்டிக்கும் பயிற்சிக்கும் சேர்த்து பட்ஜெட் இடிக்கிறதா? அப்போ பிஸ்டலைத் தள்ளிப் போடுங்க பாஸ். அது கடையில் அப்படியேதான் இருக்கும்.