முன்றிலும் போலியும்

இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் நாம் கரும்பலகையில் எழுதும் சொற்களுள் ஒன்று முன்றில். இல்லத்தின் முன்பகுதியை 'இல்முன்' என்பதே சொற்புணர்ச்சி முறை. அது முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆகி நிலைபெற்றுவிட்டது. நன்னூல் வகுத்த இலக்கணப் போலி என்னும் பிரிவுக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இது. போலி என்றவுடன் பொய் என்றே மாணவர்கள் பொருள் கொள்கின்றனர். முறைப்படி அமையாவிடினும், அமைந்ததைப் போலவே நெடுங்காலம் பணியாற்றியமையால் சான்றோர் ஏற்றுக்கொண்ட சொல் என்று அவர்களுக்கு விளக்கம் தருவோம்.

இவ்விளக்கத்தை நம் வீட்டு முன்றிலிலேயே ஒருநாள் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், கவரைப்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரையிலான புதிய மனைப்பிரிவுகளில் நடப்பவர்கள், வாசல்தோறும் கருங்கல் பாவியதுபோன்ற தரைகளைக் காணலாம். அருகே சென்று தட்டிப் பார்த்தால் அது கல்லன்று. இடைவெளிகளும் இடைவெளிகளல்ல. ஒரே தளமாக வார்த்த கான்கிரீட்டின் ஈரம் காயுமுன் கல்வடிவ அச்சை அழுத்தி எடுத்த வேலைப்பாடு. கட்டடத்தார் இதனை ஸ்டாம்ப்டு கான்கிரீட் என்கின்றனர். நாம் அச்சுத்தளம் என்போம். கல்லைப் போல் தோன்ற முயலும் இத்தளம் எந்த வகைப் போலி? விடை காண, இம்மாவட்டத்தின் மண்ணையும் சுண்ணாம்பையும் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகைகள் உள்ளன. அங்குள்ள பாறையை உற்று நோக்குவோர், கூழாங்கற்களும் மணலும் கலந்து இறுகிய ஒரு கலவையைக் காண்பர். ஜல்லி, மணல், அவற்றைப் பிணைக்கும் பசை என்னும் மூன்றும் சேர்ந்ததே கான்கிரீட் என்றால், இயற்கை இம்மாவட்டத்தில் மனிதனுக்கு நெடுங்காலம் முன்பே கான்கிரீட் வார்த்துவிட்டது. இப்பகுதியின் குவார்ட்சைட் கற்களைக் கொண்டு கருவிகள் செய்தோர் வாழ்ந்த இடம் அருகிலுள்ள அதிரம்பாக்கம். இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தனர். அங்குள்ள மிகத் தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று சாந்தி பப்புவின் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். கல்லின் இயல்பறிந்து அதனைக் கையாண்ட மரபு இம்மண்ணில் அவ்வளவு பழையது.

கல்லைச் செய்யக் கற்ற மரபோ கடற்கரையில் தொடங்குகிறது. பழவேற்காட்டு ஏரி உப்பையும் மீனையும் மட்டும் தரவில்லை, கிளிஞ்சலையும் தந்தது. கிளிஞ்சலை விறகோடு அடுக்கிச் சூளையிட்டுச் சுட்டு, நீர் தெளித்துப் பூக்கச் செய்தால் கிடைப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய ஊர் பழவேற்காடு. இன்று கோட்டை மேடாகிப் புதர் மண்டிவிட, எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய நுழைவாயிலுடன் அவர்தம் கல்லறைத் தோட்டம் எஞ்சியுள்ளது. ஆங்கிலேயர் காலத்தில், பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர்பெற்ற நீர்வழியில், விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகேறிச் சென்னைக்கு வந்தன.

சென்னையில் அச்சுண்ணாம்பு பளிங்காயிற்று. நுண்ணிதாக அரைத்த சுண்ணாம்புடன் வெல்லநீர், கடுக்காய் நீர், முட்டை வெண்கரு, தயிர் முதலியவற்றைக் கைப்பக்குவத்துக்கேற்பக் கலந்து, அடுக்கடுக்காகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சென்னை மாளிகைகளின் தூண்கள் பளிங்குபோல் ஒளிர்ந்ததைக் கண்டு வியந்து எழுதிய ஐரோப்பியப் பயணியர் பலர். நம் 'சுண்ணாம்பு' அவர்கள் மொழியில் 'சுனாம்' ஆகி அகராதியிலும் இடம்பிடித்தது. அத்தூண்களும் பளிங்குப் போலிகளே. ஆயினும் எவரும் அவற்றைப் பொய் என்று ஒதுக்கவில்லை. வெயிலில் குளிர்ச்சி தந்தன, மழையைத் தாங்கின, தலைமுறைகள் கடந்தும் நின்றன.

அடுத்து வந்தது சிமென்ட். 1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற பொருளுக்கு, போர்ட்லாந்து என்னும் இடத்துக் கட்டடக் கல்லை ஒத்திருப்பதாகக் கூறி அப்பெயரையே இட்டார். ஆக, சிமென்டின் பெயரே ஒரு போலிப் பெயர்தான்! இந்தியாவில் சிமென்ட் செய்யும் முயற்சி 1904இல் சென்னையில் நிகழ்ந்தபோது, அதற்கும் மூலப்பொருள் கடற்கிளிஞ்சலே. அம்முயற்சி நிலைக்கவில்லை; 1914இல் போர்பந்தரில் தொடங்கியதே நிலைபெற்றது.

சிமென்ட் தமிழகத்தின் உள்நாட்டுக் கைகளில் அழகுக் கலையானதற்குச் சிறந்த சான்று செட்டிநாட்டு ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகை மீது உலோகச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, சட்டத்தை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்து எடுக்கின்றனர். நெருப்போ சூளையோ வேண்டுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் முகமாகிறது. வீட்டினுள் கண்ணாடி பதிந்த தரை என்றால், நாம் பேசும் அச்சுத்தளம் வீட்டின் வெளியே கல் பதிந்த தரை. முன்னது ஒவ்வோர் ஓடாகச் செய்து பதிப்பது. பின்னது முழுத்தளத்தையும் ஒரே வேளையில் வார்த்து, ஒரே வேளையில் முடிப்பது. இவ்வேறுபாட்டில்தான் எல்லா இடர்ப்பாடும் அடங்கியுள்ளது.

இன்றைய அச்சுத்தளம் அமெரிக்காவில் உருப்பெற்றது. 1950களில் கலிபோர்னியாவின் மான்டரேப் பகுதியைச் சேர்ந்த பிராட் போமன் என்பவர், ஈரக் கான்கிரீட்டில் கல்வரிசை பதிக்கும் உலோக அச்சுகளை உருவாக்கினார். அவை வரிகளை மட்டுமே பதித்தன. கல்லின் சொரசொரப்பையும் பதிக்கும் பாலியுரித்தேன் விரிப்புகள் 1970களில் வந்தன. கடலும் மலையும் கடந்து அம்முறை நம் ஊர் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் வளர்ந்து, உருட்டு ஆலைகளில் கட்டடக் கம்பிகள் உருவாகி, சுற்றிலும் நெல்வயல்கள் மனைகளாயின. மாட்டுவண்டி நின்ற இடத்தில் மகிழுந்து நின்றது. சாணம் மெழுகிய மண்வாசல் அதனைத் தாங்காது; கடப்பைக்கல் விலை ஏறிற்று; பேவர் பிளாக் சிலருக்குப் பேருந்து நிலையத்தை நினைவூட்டியது. எஞ்சியது அச்சுத்தளம்.

நாமும் அதனை விரும்பினோம். அச்சு விரிப்புகளின் படங்களைக் காட்டி ஒருவர் நம்மை மயக்கினார். எந்த வடிவம், எந்த நிறம் என்று இரண்டு மாலைகள் விவாதித்தோம். தரைக்கு அடியில் என்ன உள்ளது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. சித்திரை மாதத்தில் முற்பகல் பதினொரு மணிக்குக் கலவை வந்தது. ஒரு மூலையில் அச்சைப் பதித்து மறுமூலைக்கு வருமுன் அங்குத் தளம் இறுகிவிட்டது. சுத்தியலால் அச்சை அடித்தனர். பாதிக் கல் பதிந்தது, பாதி பதியவில்லை. ஐப்பசி மழையில் நீர் தெருவுக்கு ஓடாமல் வீட்டுப் படியை நோக்கி வந்தது. அடுத்த கோடையில் பொய்க்கல்லின் வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மெய்யான விரிசல் ஓடியது.

பிறகுதான் கொத்தனார் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டோம். அவர் கூறியவற்றையும் நூல்களில் கண்டவற்றையும் இங்கே தொகுத்துரைக்கிறோம்.

நெல் விளைந்த களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆகையால் மேல்மண்ணை அகற்றி, கிராவலை அரை அடி அளவு பரப்பி, நீர்விட்டுத் திமிசு போட்டு இறுக்குவதே முதல் வேலை. நடைபாதைக்கு நான்கு அங்குல கனமும், வண்டி நிற்குமிடத்துக்கு ஐந்து முதல் ஆறு அங்குல கனமும் வேண்டும். எம் 25 தரம் பொருந்தும். கம்பிவலை தளத்தின் அடியில் மண்ணோடு கிடக்காமல், மேற்பாதியில் நிற்குமாறு தாங்கிகள் வைத்தல் நன்று. கான்கிரீட் சுருங்கும்போது விரிசல் விழுந்தே தீரும். எங்கே விழுவது என்பதை நாமே முடிவு செய்யலாம். எட்டு முதல் பத்தடிக்கு ஒன்றாக வெட்டுக்கோடு இட்டு, அதனை அச்சின் வரிகளோடு பொருத்திவிட்டால், விரிசல் அக்கோட்டினுள் ஒளிந்துகொள்ளும்.

வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் வீதம் வீட்டிலிருந்து வெளிநோக்கி இருத்தல் வேண்டும். நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு நிறமிகளே வெயிலைத் தாங்கும். நம் பாட்டியர் கோலத்தைச் சுற்றி இட்ட செங்காவியும் இரும்பு ஆக்சைடுதான். அச்சு கலவையோடு ஒட்டாமலிருக்க அதற்கென்று ஒரு தூள் உண்டு. விரலால் அழுத்தினால் கலவை கையில் ஒட்டாமல் பள்ளம் மட்டும் தெளிவாக விழும் நேரமே அச்சிடும் நேரம். நம் கோடையில் அந்நேரம் மிகக் குறுகியது. விடியற்காலையில் தொடங்கி, நிழற்பந்தல் இட்டு, இருக்கும் ஆட்கள் முடிக்கக்கூடிய அளவு மட்டும் வார்ப்பதே அறிவுடைமை.

பின்னர் ஈரம் காத்தல். சாதாரண சிமென்டுக்கு ஏழு நாளேனும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் பத்து நாளேனும், சாம்பல் கலந்த சிமென்டாயின் குறைந்தது பத்து நாளும், இயன்றால் பதினான்கு நாளும் ஈரம் காக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன் கருத்து. மீஞ்சூர்ப் பக்கத்து உவர்நீரை இதற்குப் பயன்படுத்தினால் தளத்தில் உப்புப் பூக்கும். உள்ளிருக்கும் கம்பியும் துருவேறும். இறுதியாகப் பூசும் மெருகுப்பூச்சை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நனைந்தால் அது வழுக்கும். முதியோர் உள்ள வீடாயின் அதில் நுண்மணல் கலக்கச் சொல்லுங்கள்.

மீஞ்சூரைக் குறிப்பிட்டோம். இச்செய்தியின் மையமே அதுதான். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் இச்சமவெளியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால், மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உள்ளே புகுந்தமை சென்ற நூற்றாண்டிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்த உண்மை. 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியதன் பின்னணியில் இத்தகைய இழப்புகள் உள்ளன. 2015இன் பெருவெள்ளத்தையும் 2023 திசம்பரின் மிக்ஜாம் புயலையும் கண்ட மாவட்டம் இது. மண்வாசல் மழையைக் குடித்தது. அச்சுத்தளம் அதனைத் தெருவுக்குத் தள்ளுகிறது. மனையின் முகம் முழுவதையும் மூடிவிட்டு, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம்.

தளத்தைப் பெயர்த்து மீண்டும் இட்டபோது மூன்று மாற்றங்கள் செய்தோம். வண்டி நிற்குமிடத்தில் மட்டும் அச்சுத்தளம். மதிலோரம் முழுவதும் மண். வாட்டம் சென்று முடியுமிடத்தில் ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழி. நான்காவது மாற்றத்தைச் சொன்னவர் நம் அன்னையார். முதல் தளத்தில் அவர் கோலமாவு இழுத்தபோதெல்லாம் இழை பொய்க்கல்லின் பள்ளங்களில் விழுந்து அறுந்தது. சில மாதங்களில் அவர் கோலமிடுவதையே விட்டுவிட்டார். நாம் அதனைக் கவனிக்கவும் இல்லை. இரண்டாம் முறை ஆட்கள் வந்தபோதுதான், "வாசல்னா கோலம் போட இடம் வேணாமாப்பா?" என்று மெல்லக் கேட்டார். படிக்கு நேரே நான்கடிச் சதுரம் அச்சின்றிச் சமமாக விடப்பட்டது. கொத்தனார் அதனை மணியாசுக் கட்டையால் மட்டும் தேய்த்து முடித்தார்.

இப்போது அச்சதுரத்தில் நாள்தோறும் புள்ளிக்கோலம் விழுகிறது. மழை நாளில் நீர் மதிலோர மண்ணுக்குள் இறங்குகிறது. மிஞ்சுவது உறிஞ்சுகுழியை அடைகிறது. சுற்றியுள்ள தளம் கல்லைப் போலத்தான் இருக்கிறது, கல்லன்று. முறை மாறிய சொல்லை அதன் பணிநோக்கி ஏற்றுக்கொண்டது நம் இலக்கண மரபு. நீரை மண்ணுக்கு அனுப்பி, கோலத்துக்கு இடம்விட்டு, இல்லத்தின் முன் இருந்து செய்யவேண்டியதைச் செய்யுமாயின் இத்தளத்தையும் நாம் முன்றில் என்றே அழைக்கலாம். போலிதான், ஏற்றுக்கொள்ளத்தக்க போலி.