மிட்டாய் டப்பாவில் கிடந்த பங்கு வரலாறு

பொன்விழா மலருக்காகப் பழைய ஏடுகளைத் தேடியபோது, பங்குத் தந்தை இல்லத்துப் பீரோவில் ஒரு மிட்டாய் டப்பா அகப்பட்டது. உள்ளே பதினொரு பிளாப்பிகள். ஒன்றின்மேல் 'வெள்ளிவிழா மலர் 1999, கடைசிப் புரூப்' என்றும், இன்னொன்றின்மேல் 'ஞானஸ்நானப் பட்டியல்' என்றும் எழுதியிருந்தது. அக்காலத்தில் சூலக்கரையிலிருந்து சிவகாசி அச்சகத்துக்கு வேலை பஸ் ஏறிப் போனது இத்தட்டுகளில்தான்.

பட்டியலுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். நமது ஞானஸ்நானப் பதிவேட்டில் 1992-ஆம் ஆண்டின் இரண்டு பக்கங்களைச் செல் அரித்துவிட்டது. அப்பக்கங்களுக்குரியவர்கள் இன்று கலியாணத்துக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறார்கள்.

1971-இல் ஐ.பி.எம். கம்பெனி 8 அங்குல அளவில் வெளியிட்டது பிளாப்பி. நம்முடையவை, 1981-இல் சோனி கொண்டுவந்த 3.5 அங்குல வகை. அந்தச் சோனியே 2011-இல் விற்பனையை நிறுத்திற்று. உள்ளிருப்பது காந்தப் பூச்சிட்ட மெல்லிய தகடு. பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பகுதி. ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. எழுத்துக் கெட்டால் கணக்கு ஒவ்வாது, கம்ப்யூட்டர் பிழையென்று சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர் தெரிந்த நம் இளைஞர்கள் முதலில் தட்டின் மூலைத் துவாரத்தைத் திறந்து வைத்தார்கள். அப்படிச் செய்தால் தவறியும் அதில் எழுத முடியாது. பின் கோப்புகளைத் தொடாமல், முதல் தடம் தொட்டுக் கடைசித் தடம்வரை அப்படியே இருமுறை நகலெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். பத்துத் தட்டுகள் தேறின. ஒன்று கரகரவென்று ஒலித்தது, உடனே நிறுத்தினோம். ஓடவிட்டால் பூச்சு உரிந்து அடுத்த தட்டையும் கெடுக்கும்.

ஆனால் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை, கிறுக்கல்! அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் எழுத்துக்கு வேறுவேறு எண் வைத்திருந்தது. எழுத்துரு தொலைந்தால் பொருளும் தொலைந்தது. 1998-இல் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கலியாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் பழைய எழுத்துருக்களை விட்டு டிஸ்கிக்கும், பிறகு ஒருங்குறிக்கும் மாற வேண்டியிருந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாசிக்கக் கிடைக்கிறது. நாம் 1999-இல் தட்டியதை நம்மாலேயே வாசிக்க முடியவில்லை!

வழிகாட்டியது அச்சான வெள்ளிவிழா மலர். அதையும் திரையையும் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டோம். பட்டியல் தமிழானது. செல்லரித்த பக்கங்களுக்குரிய பதினான்கு பெயர்களும் இருந்தன.

அத்துடன் விட்டோமில்லை. நல்ல பக்கங்களோடு பட்டியலை ஒத்துப் பார்த்ததில் நான்கு தேதிகள் பிசகியிருந்தன, தட்டச்சுப் பிழைதான். ஆகவே பதினான்கையும் அப்படியே நம்ப மனம் வரவில்லை. ஒருவருக்கும் பாதகமில்லாதபோது, ஐயத்துக்கிடமற்ற ஒரு சாட்சியே ஞானஸ்நானத்துக்குப் போதும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 876-ஆம் விதி. ஞானத் தாய் தந்தையரை வீடு வீடாகத் தேடினோம். பதினொரு பேருக்குச் சாட்சி கிடைத்தது.

மூவர் பெயர் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. 1992-இல் இப்பங்கில் ஞானத் தாய் தந்தையராக நின்றவர்கள், ஞாயிறு பூசைக்குப்பின் பங்குத் தந்தை இல்லத்துக்கு வரும்படி வேண்டுகிறோம்.